ரோலர் ஹாக்கியிலிருந்து ஐஸுக்கு: முதல் ஸ்கேட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோடை முழுக்க ரோலர் ஹாக்கி ஆடிவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் ஐஸில் இறங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மாடலைப் பற்றித்தான். எந்த நிறுவனம், பாவரா, சிசிஎம்மா, ட்ரூவா, இந்த வருட மாடலா போன வருட மாடலா என்று. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, அந்த பூட் உங்கள் காலை இறுக்கிப் பிடிக்கிறதா என்பது. இரண்டாவது, பிளேடுக்கு எப்படிச் சாணை பிடித்திருக்கிறார்கள் என்பது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் 350 கனடா டாலர் ஸ்கேட்டில் சந்தோஷமாக ஆடலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் 1,200 டாலர் ஸ்கேட் கூட உங்களை அழவைக்கும்.

ரோலரில் கற்றது எதுவும் வீணாகாது, அந்தப் பயம் வேண்டாம். ரோலர்பிளேடு ஸ்கேட்டே ஐஸ் ஹாக்கிக்காரர்கள் உருவாக்கியதுதான்: 1980ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்காட் ஓல்சன், பிரெனன் ஓல்சன் என்ற சகோதரர்கள், ஐஸ் இல்லாத மாதங்களிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதில் இறங்கினார்கள். அதனால் பூட் விஷயத்தில் இரண்டும் ஒரே குடும்பம். பூட்டுக்குக் கீழே இருப்பதுதான் முற்றிலும் வேறு. ரோலரில் ஒரே வரிசையில் இருக்கும் நான்கு சக்கரமும் தரையைத் தொடும்போது முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு பிடிமானம் கிடைக்கிறது. ஐஸ் பிளேடோ முன்னும் பின்னும் லேசாக மேல்நோக்கி வளைந்தது, எந்த நேரத்திலும் சில அங்குல நீளம்தான் ஐஸைத் தொடும். அதனால் முதல் சில நாட்கள் முன்னால் கவிழ்வது போலவும் பின்னால் சாய்வது போலவும் தோன்றும். இது ஸ்கேட்டின் குற்றமல்ல, பழகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல், நன்றாகப் பொருந்தும் ஸ்கேட்டைக் கொண்டுபோய் மாற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இருக்கிற ரோலர் பூட்டிலேயே சக்கரத்தைக் கழற்றிவிட்டு பிளேடு மாட்டிக்கொள்ள முடியாதா? சக்கரச் சட்டத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளை எடுத்துவிட்டு, பிளேடைத் தாங்கும் ஹோல்டரைப் பொருத்தித் தரும் கடைகள் உண்டு, ஆனால் முதல் ஸ்கேட்டுக்கு அந்த வழி வேண்டாம் என்பேன். பூட்டின் அடித்தட்டில் ஏற்கெனவே போட்ட ஓட்டைகள் ஹோல்டரின் ஓட்டைகளோடு பொருந்தாமல் போகலாம். பல ரோலர் பூட்களில் வெயிலுக்காகக் காற்றோட்டம் வைத்திருப்பார்கள், ஐஸில் அது குளிரையும் ஈரத்தையும் உள்ளே விடும். அப்புறம், இரண்டு மூன்று வருடம் ஆடிய பூட் கணுக்காலில் தளர்ந்திருக்கும். ஹோல்டர், ஸ்டீல் (அதில் மாட்டும் பிளேடு), கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு சுமாரான புது ஸ்கேட்டின் விலைக்கு அருகில் வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறானதுதான் நல்ல யோசனை: ஐஸ் பூட்டில் சக்கரச் சட்டம் மாட்டி ரோலருக்குப் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர், அது நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, சைஸ். நீங்கள் தெருவில் போடும் ஷூவின் சைஸை விட ஐஸ் ஹாக்கி ஸ்கேட் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை சைஸ் சின்னதாக இருக்கும். ஷூ 9 என்றால் ஸ்கேட் ஏழரையிலோ எட்டிலோ முடியும். பெண்களின் ஷூ எண் வேறு கணக்கு, ஹாக்கி ஸ்கேட் ஆண்கள் அளவில்தான் வருகிறது, அதனால் பெண்கள் இரண்டரை முதல் மூன்று சைஸ் வரை குறைத்துத் தேட வேண்டியிருக்கும். இதில் ரோலர்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. உங்களிடம் இருப்பது ஹாக்கிக்கென்றே செய்த ரோலர் ஸ்கேட் என்றால் அதன் எண்ணும் ஷூவை விடக் குறைவாகத்தான் இருக்கும். பூங்காவில் சும்மா ஓட்டுவதற்கான இன்லைன் ஸ்கேட் என்றால் அது பெரும்பாலும் ஷூ சைஸிலேயே வரும். இரண்டாவது வகையைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர் அதே எண்ணைச் சொல்லி ஐஸ் ஸ்கேட் வாங்கினால் உள்ளே கால் நீந்தும். ஆகவே பழைய ஸ்கேட்டின் எண்ணை மறந்துவிட்டு, கடையில் இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்கு ஏற்ற சைஸை எடுக்க வேண்டும்.

முதல் ஸ்கேட்டை இணையத்தில் வாங்காதீர்கள். அடுத்த ஜோடியை வாங்கலாம், அப்போது உங்கள் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போட்டுப் பார்க்கும் முறை இதுதான். மெல்லிய காலுறை அணிந்து போங்கள், ஆடும்போது எதை அணிவீர்களோ அதையே. தடித்த கம்பளிக் காலுறை கதகதப்புக்கு உதவும் என்று நினைப்பார்கள். அது காலை நெருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைத்து இன்னும் குளிரத்தான் வைக்கும். மாலையில் போவது நல்லது, பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள், பிறகு லேஸைக் கட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்க மூடியை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஆடும் நிலைக்கு வந்தால் விரல்கள் கொஞ்சம் பின்வாங்கி, அந்தத் தொடுதல் போய்விட வேண்டும். மடக்கிய பிறகும் விரல்கள் சுருண்டு இடித்தால் சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே விரல் எதையும் தொடவில்லை என்றால் பெரியது. அடுத்து குதிகால்: முன்பாதத்தில் எம்பி நின்று பாருங்கள், குதிகால் மேலே எழும்பவே கூடாது. நான் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்னால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கடைக்காரர் சரிசெய்துவிடுவார், தளர்ந்த குதிகாலை யாராலும் சரிசெய்ய முடியாது.

பூட்டின் ஆழத்தைப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. லேஸ் கட்டாமல் பூட்டின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் ஓட்டையின் உயரத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரு பக்க ஓட்டைகளையும் தொட்டுத் தட்டையாக உட்கார்ந்தால் ஆழம் போதும். உங்கள் புறங்கால் அதைத் தூக்கிப் பிடித்தால் அந்த பூட் உங்களுக்கு ஆழம் குறைவு, லேஸ் காலை அறுத்துக்கொண்டே இருக்கும். நீளம் சரியாக இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். புறங்கால் உயர்ந்தவர்கள், பாதம் அகன்றவர்கள் நீளத்தைக் கூட்டி அகலத்தை வாங்கப் பார்க்கிறார்கள். அது தேவையே இல்லை, ஏனென்றால் இப்போது பாவர் தன் பூட்களை ஃபிட் 1, 2, 3 என்று ஒல்லியானதிலிருந்து பருமனானது வரை மூன்று அளவுகளில் தருகிறது, சிசிஎம்மும் குறுகலானது, வழக்கமானது, அகலமானது என்று பிரித்திருக்கிறது. பழைய மாடல்களில் டி என்றால் வழக்கமான அகலம், ஈஈ என்றால் அகலமானது. ஒரே நீளத்தில் இவை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்பட்டால் வேறு கடைக்குப் போங்கள். கடையிலேயே பதினைந்து இருபது நிமிடம் போட்டுக்கொண்டு உட்காருங்கள், எழுந்து நில்லுங்கள். பாதம் முழுக்க ஒரே மாதிரி இறுக்கம் என்றால் நல்ல அறிகுறி. ஒரே இடத்தில் குத்தினாலோ விரல் மரத்துப் போனாலோ வேண்டாம்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவில் நூறு டாலர் சொச்சத்தில் தொடங்கி உச்ச மாடல்கள் ஆயிரம் டாலருக்கு மேலே போகின்றன. விலை ஏற ஏற பூட் எடை குறையும், விறைப்பு கூடும். அந்த விறைப்பு, வாரத்தில் பல நாள் வேகமாக ஆடுகிறவருக்கும் எடை அதிகமுள்ளவருக்கும் தேவை. புதிதாக வருகிறவருக்கு அது முழங்காலை மடக்கவே விடாது. மறுபக்கம், அடிமட்ட விலையில் வருவது கணுக்காலில் மெத்தென்று இருக்கும், ரோலரில் ஏற்கெனவே வேகமாகத் திரும்பப் பழகியவருக்கு அது சில வாரங்களில் போதாமல் போய்விடும். முழுப் புதியவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இங்கேதான்: உங்களுக்குக் காலில் பலம் வந்துவிட்டது. அதனால் நடுத்தரம், ஏறக்குறைய 300 முதல் 500 டாலர். போன வருட மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், பொருந்தினால். ஸ்டீலைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற ஹோல்டரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பாவரின் டூக் ஹோல்டரில் அதற்கென்றே அடியில் ஒரு விசை வைத்த வகைகள் இருக்கின்றன.

பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பூட்டோடும் மெத்தைத் துணியோடும் குறைந்த விலையில் தொங்கும் ஸ்கேட்கள் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை சுற்றிவர மட்டுமே. பக் (ஆடும் ரப்பர் வட்டு) வந்து காலில் பட்டால் அவை தாங்காது. பழைய ஸ்கேட் வாங்குவதாக இருந்தால் கணுக்கால் பகுதியை இரு கையாலும் அழுத்திப் பாருங்கள், எளிதாக மடங்கினால் விட்டுவிடுங்கள். ஸ்டீல் எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது, ஹோல்டரில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குழந்தைகளுக்கு வளர்வதற்காக அரை சைஸ் விடலாம், அதற்கு மேல் விட்டால் பிள்ளை ஸ்கேட்டிங் கற்காது, தடுமாறத்தான் கற்கும்.

வாங்கியதும் கடையிலேயே பூட்டைச் சூடுபடுத்தித் தரச் சொல்லுங்கள். அதற்கென்று இருக்கும் அடுப்பில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்து எடுத்து, இளகிய நிலையில் உங்கள் காலில் மாட்டுவார்கள். லேஸை வெளிப்பக்கமாக இழுக்காமல் நேராக முன்னோக்கி இழுங்கள், வெளிப்பக்கமாக இழுத்தால் இளகிய பூட்டிலிருந்து ஓட்டை வளையம் பிய்ந்து வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு அப்புறம் ஐஸுக்குப் போங்கள். இந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம்.

இப்போது சாணை. ரோலரில் இப்படி ஒரு விஷயமே இல்லாததால் வருகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் ஐஸில் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிப்பது பாதிக்கு மேல் இதுதான். முதலாவது, புது ஸ்கேட் பெட்டியிலிருந்து வரும்போது ஆடத் தயாராக இருக்காது, கடையில் சாணை பிடித்தே எடுத்துவர வேண்டும். பிளேடின் அடிப்பக்கம் தட்டை இல்லை. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். அந்தப் பள்ளம் எந்த ஆரமுள்ள வட்டத்தில் குடைந்தது என்பதை அங்குலத்தில் சொல்வார்கள்: 3/8, 1/2, 5/8, 3/4, 1. எண் சின்னதானால் பள்ளம் ஆழம், விளிம்பு கூர்மை, ஐஸை அதிகமாகக் கடிக்கும். எண் பெரியதானால் பள்ளம் ஆழமில்லை, வழுக்கல் அதிகம். கடையில் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் 1/2 அல்லது 5/8 பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ரோலரிலிருந்து வருகிறவர் 5/8ல் தொடங்குவது நல்லது, உடம்பு கனமானவர் 3/4 கூடக் கேட்கலாம். காரணம் இதுதான்: திரும்புவது உங்களுக்குத் தெரியும், தெரியாதது நிற்பது. ஐஸில் இரு பிளேடையும் குறுக்கே திருப்பி, ஐஸை லேசாகச் சுரண்டியபடி வழுக்கி நிற்க வேண்டும். ஆழமான பள்ளத்தில் விளிம்பு ஐஸுக்குள் புதைந்து சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆள் பறப்பார். கொஞ்சம் வழுக்கல் இருந்தால் நிற்கும் கலை சீக்கிரம் வரும். நிற்கப் பழகிய பிறகு திருப்பத்தில் இன்னும் பிடி வேண்டும் என்று தோன்றினால் 1/2க்கு மாறுங்கள். எடை மிகக் குறைந்தவர்களும் குழந்தைகளும் 1/2லிலேயே தொடங்கலாம், அவர்கள் பாரத்துக்கு 5/8 பிடிக்காமல் போகக்கூடும்.

சாணை சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து பிளேடின் குறுக்கே ஒரு நாணயத்தைப் படுக்க வையுங்கள். அது ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் இருக்கிறது, ஸ்கேட் ஒரு பக்கமாகவே இழுக்கும். திருப்பிக் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

பிளேடின் முன்பின் வளைவும் மாற்றக்கூடியதுதான், பெரும்பாலும் 9 அடி, 10 அடி ஆரத்தில் வரும். முதல் வருடம் அதைத் தொட வேண்டாம். உங்கள் ரோலர் ஸ்கேட்டில் முன்னால் 72 அல்லது 76 மில்லிமீட்டர் சக்கரமும் பின்னால் 80 மில்லிமீட்டர் சக்கரமும் இருந்தால் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கப் பழகியிருப்பீர்கள், ஐஸ் ஹோல்டரிலும் குதிகால் சற்று உயர்ந்தே இருப்பதால் சீக்கிரம் ஒத்துப்போகும். நான்கும் ஒரே அளவு சக்கரம் என்றால் கொஞ்ச நாள் பிடிக்கும்.

முதல் தடவை ஆட்டத்துக்கே போய்விடாதீர்கள், ஸ்டிக் இல்லாமல் பொது ஸ்கேட்டிங் நேரத்தில் போங்கள். டொரண்டோ மாதிரி ஊர்களில் மாநகராட்சியின் திறந்தவெளி ரிங்க்குகள் இதற்கு அருமையானவை. ஆனால் வெளி ஐஸில் மண்ணும் தூசியும் கலந்திருப்பதால் சாணை சீக்கிரம் மழுங்கும். உள்ளரங்கில் வாரம் ஒரு ஆட்டம் ஆடுகிறவருக்கு மாதம் ஒரு சாணை போதும். நகத்தை விளிம்பில் குறுக்கே இழுத்தால் மெல்லிய சீவல் வரவில்லை என்றால் நேரமாகிவிட்டது. ரப்பர் விரிப்பைத் தாண்டி சிமெண்டுத் தரையில் ஒரு அடி கூட வைக்காதீர்கள். ஐஸை விட்டு இறங்கியதும் பிளேடை ஒரு துணியால் துடைத்து, துணி உறை போட்டுப் பைக்குள் வையுங்கள், நடப்பதற்கான பிளாஸ்டிக் உறையைப் போட்டே வைத்தால் உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும். வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துக் காயவிடுங்கள். முதல் மாதத்தில் ஒரு தடவை ஹோல்டரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ரிவெட் எதுவும் தளர்ந்திருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு முன்னாலேயே கடையில் மாற்றிவிடுங்கள்.