துணிக்கடையில் ஆர்எஃப்ஐடி: குடோன் முதல் கிளை வரை இருப்பைச் சரியாக வைத்திருக்கும் முறை

ஒரே டிசைன் சட்டையை நான்கு நிறங்களிலும் ஆறு அளவுகளிலும் வாங்கினால் 24 வகைகள் ஆகிவிடுகின்றன. பார்கோடு அந்த வகைகளைப் பிரித்துக் காட்டும். ஆனால் ஒரே வகையிலுள்ள பத்துச் சட்டைகளுக்கும் அது ஒன்றே என்பதால், எந்தச் சட்டை குடோனில் இருக்கிறது, எது கிளைக்குப் போயிற்று என்பதை அதனால் சொல்ல இயலாது. ஆர்எஃப்ஐடி டேக் என்பது ரேடியோ அலையால் வாசிக்கப்படும் சிறு சிப் கொண்ட சீட்டு; அதில் ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண் உண்டு. அடுக்கைக் கலைக்காமலேயே, சில மீட்டர் தொலைவிலிருந்து, ரீடர் என்னும் வாசிப்புக் கருவி பல எண்களை ஒருசேர வாசித்துவிடும்.

துணிக்கு ஏற்றது பேட்டரி இல்லாத யூஹெச்எஃப் (மீஉயர் அதிர்வெண்) டேக். இந்தியாவில் இதற்கான அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. எனவே, விலை குறைவு என்பதற்காக அமெரிக்கச் சந்தைக்குரிய ரீடரை வரவழைக்க வேண்டாம்.

அடுத்தது எண் எழுதும் வேலை. மொத்தத் திட்டமும் இதில்தான் நிற்கிறது என்பது என் கருத்து. பார்கோடு எண்களுக்கான உலகத் தர அமைப்பான ஜிஎஸ்1-இன் முறைப்படி எழுதப்படும் 96 பிட் எண்ணுக்குள் நிறுவனக் குறியீடு, பொருளின் எண், அந்த ஒற்றை உருப்படிக்கான வரிசை எண் ஆகிய மூன்றும் அடங்கும். விலைச்சீட்டை அச்சிடும் ஆர்எஃப்ஐடி பிரிண்டரே சிப்பிலும் எண்ணை எழுதுமாறு அமைத்து, எழுதியதும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள். அச்சில் ‘எல்’ அளவும் சிப்பில் ‘எம்’ அளவும் இருக்குமானால், பிறகு எத்தனை முறை எண்ணினாலும் கணக்கு சேராது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தைக்கும் திருப்பூர் ஆலைகளில் பலவற்றுக்கு இது பழகிய வேலை. சொந்த பிராண்டில் அங்கே தைக்கக் கொடுப்பவர்கள் டேக்கையும் அங்கேயே மாட்டி வாங்குவது நல்லது.

டேக்கை எங்கே பொருத்துவது என்பதில் நம் ஊர்க் கடைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உலோக இழை ரேடியோ அலையை மறிக்கும். ஆகையால் சரிகை அடர்ந்த பட்டுப்புடவையின் முந்தானை மடிப்புக்குள் செருகிய டேக் பெரும்பாலும் வாசிக்கப்படாது. உடல் பகுதியின் விளிம்பில் நூலில் கட்டித் தொங்கவிட்டாலோ, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாலோ வாசிப்பு மேம்படும். (பெட்டியில் ஒட்டினால், எந்தப் புடவை எந்தப் பெட்டிக்குத் திரும்புகிறது என்பதை விற்பனையாளர்கள் கவனிக்க வேண்டும், பத்துப் புடவைகளை விரித்துக் காட்டிய பிறகு அது எளிதன்று.) சட்டைகளை அடுக்கும்போது டேக்குகள் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டால் ஒன்றையொன்று கெடுக்கும், ஒன்றை வலப்புறமும் அடுத்ததை இடப்புறமுமாக வையுங்கள்.

ஸ்டாக் எண்ணக் கையடக்க ரீடர் ஒன்றே தொடக்கத்துக்குப் போதும். ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, கடை திறக்கும் முன் ரீடரை மெதுவாக, கோணத்தை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ஆற்றலை முழுமையாக வைத்தால் சுவருக்கு அப்பாலுள்ள சரக்கும் கணக்கில் ஏறிவிடும், குறைத்து வையுங்கள். அதே பிரிவைச் சில வாரங்கள் கையாலும் எண்ணி ஒப்பிடுங்கள். தீபாவளிக்கு முன்பு தொடங்காமல், பொங்கல் விற்பனை ஓய்ந்த பிறகு தொடங்குவது பணியாளர்களுக்கும் நல்லது.

கிளைக்கு அனுப்பும்போது, கட்டிய பெட்டியை மற்றச் சரக்கிலிருந்து விலக்கி வைத்து வாசித்து, டெலிவரி சலானுடன் ஒப்பிட்ட பிறகே ஒட்டுங்கள். அந்த நொடியிலிருந்து அச்சரக்கு குடோன் இருப்பிலும் சேராது, கிளை இருப்பிலும் சேராது. ‘வழியில்’ என்ற தனிக் கணக்கில் இருக்கும். கிளையில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே மீண்டும் வாசித்தால், எண்ணிக்கை குறைவது வண்டி ஓட்டுநர் இருக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டு வாசிப்புகளும் ஒழுங்காக நடக்கும் வரை, வாசலில் பொருத்தும் நிலையான ரீடருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பில் போடும்போது அந்த எண்ணை ‘விற்றது’ என மாற்றுவதைத் தவறவிடக் கூடாது. வாடிக்கையாளர் திருப்பித் தரும் உடையிலும் ஆன்லைன் ஆர்டரில் திரும்பி வரும் உடையிலும் டேக் இருந்தால், அதை வாசித்து, நாம் விற்ற அதே உருப்படிதானா என்று பார்த்தபின் இருப்பில் சேருங்கள்; டேக் இல்லையென்றால் பழைய எண்ணை நீக்கிவிட்டுப் புதிய டேக் எழுதி மாட்டுங்கள்.