கார் ஹெட்ரெஸ்ட்டைச் சரியாக வைப்பது எப்படி?

கழுத்து வலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் டாக்ஸி ஓட்டுநர்களிடம், "அண்ணே, உங்க வண்டில ஹெட்ரெஸ்ட் எந்த உயரத்துல இருக்கு?" என்று கேட்பேன். சீட்டின் உச்சியில் தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் திண்டைப் பலரும் தொட்டதே இல்லை. தலை சாய்த்துத் தூங்கத்தான் அது என்று நினைத்திருக்கிறார்கள்.

பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் சீட் நம் முதுகை முன்னே தள்ளும். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை இருந்த இடத்திலேயே நிற்கும். முழுக்கழுத்தும் பின்னால் மடங்கும்போதுதான் அடிபடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். இறந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைத்த கழுத்துப் பகுதிகளை வைத்து யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி குழுவினர் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய கணத்தைக் காட்டியது. இடித்த 0.1 நொடிக்குள் கழுத்து எஸ் எழுத்துபோல் வளைகிறது. மேலே உள்ள மூட்டுகள் முன்பக்கம் மடங்க, கீழே உள்ளவை அளவுக்கு மீறிப் பின்பக்கம் வளைகின்றன. தசை இறுகித் தாங்க அந்த நேரம் போதாது. அதனால் ஹெட்ரெஸ்ட் மெத்தென்று இருப்பதைவிட, தலையை உடனே தாங்கும்படி அதற்கு அருகில் இருப்பதுதான் முக்கியம்.

முதலில் சீட்டை நிமிர்த்துங்கள். மல்லாந்து ஓட்டுபவருக்குத் தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் இடைவெளி தானாகவே கூடிவிடும். முதுகுக்குப் பின்னால் வைக்கும் தடித்த குஷனும் அதையேதான் செய்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அப்புறம் ஹெட்ரெஸ்ட்டைப் பிடித்து மேலே இழுங்கள், 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். இறக்க, கம்பியின் அடியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதன் மேல்விளிம்பு குறைந்தபட்சம் காதின் மேல்நுனி வரை வரட்டும். உச்சந்தலை அளவுக்கு வந்தால் இன்னும் நல்லது. இனி சாலையைப் பார்த்து இயல்பாக உட்காருங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். 7 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமாராக நான்கு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். பின்தலையில் கொண்டை போடும் பெண்கள் வண்டி ஓட்டும்போது அதைத் தாழ்த்தியோ தளர்த்தியோ கட்டிக்கொள்ளலாம். ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிடவே கூடாது.

வீட்டில் ஒரே வண்டியைப் பலர் ஓட்டினால், ஆள் மாறும்போதெல்லாம் கண்ணாடியோடு இதையும் மாற்றுங்கள்.

இடிபட்ட பிறகு கழுத்தின் நடு எலும்பில் வலித்தாலோ, கை மரத்தாலோ, தலையை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டால், வாரக்கணக்கில் காலர் போட்டுக் கிடக்க வேண்டாம். மெதுவாகக் கழுத்தைத் திருப்பப் பழகுங்கள்.