வயலின்–பியானோ சொனாட்டாவை ஒலிப்பதிவு செய்யும் முறை

மொசார்ட், பேத்தோவன் காலத்துச் சொனாட்டாப் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) பதிப்புகளின் முகப்பில் பியானோவின் பெயரே முதலில் இடம்பெற்றது; வயலின் அதனுடன் சேர்ந்து ஒலிப்பதாகவே குறிப்பிடப்பட்டது. ஆகவே, பியானோவைப் பக்கவாத்தியமாகக் கருதிப் பின்னுக்குத் தள்ளும் ஒலிப்பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இவ்விசைக்கு நியாயம் செய்யாது. இரண்டையும் சமமாக ஒலிக்கச் செய்யும் வேலையை மிக்ஸிங்குக்கு (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்படுத்தும் கட்டத்துக்கு) ஒத்திவைக்காமல், வாசிக்கும் அறையிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் சுருதி. பியானோவைப் பதிவு நாளன்று காலையில் சுருதி கூட்டச் செய்து, வயலினை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். பியானோவின் ஐந்தாம் இடைவெளிகள் தூய இடைவெளிகளைவிட (அதிர்வெண் விகிதம் 3:2) சற்றுக் குறுகியவை; ஆகவே வயலினின் தந்திகளைத் தூய ஐந்தாம் இடைவெளிகளில் சேர்த்தால், ‘ஏ’ பொருந்திய பின்னும் அடித்தந்தியான ‘ஜி’ பியானோவின் ‘ஜி’யைவிட ஏறக்குறைய 4 சென்ட் தாழ்ந்து நிற்கும் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). மெதுவான பகுதிகளில் இந்த வேறுபாடு காதில் படும் என்பதால், நான்கு தந்திகளையும் பியானோவுடன் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து இடம். வயலின் கலைஞர் பியானோவின் வளைவை ஒட்டி நிற்கட்டும். பியானோ ஓங்கி ஒலித்தால் மூடியைச் சாத்திவிடத் தோன்றும். ஆனால் அப்போது ஒலி அடங்குவதோடு தெளிவையும் இழக்கும். மூடியைத் திறந்தே வைத்து, வயலின் கலைஞரை மைக்கை நோக்கி ஓரடி முன்னே நகர்த்துங்கள்.

ஒரே வகையான இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) மைக்குகள் தொடக்கநிலையினருக்குப் போதும். அவற்றை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகைக் கோணத்தில் வெளிநோக்கி விரித்து, கருவிகளிலிருந்து சுமார் 2 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். 24 பிட்டில் பதியுங்கள். உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபலைத் (பதிவுக்கருவியின் உச்ச எல்லை 0) தாண்டாதிருக்கட்டும்.

சமநிலையைச் சோதிக்க, பேத்தோவனின் ‘ஸ்பிரிங்’ சொனாட்டாவின் (1801) தொடக்கம் மிகவும் பொருத்தமானது. முதல் பத்துப் பார்களில் (இசைத்தாளின் தாளக் கட்டங்களில்) வயலின் பாடும் மெட்டைப் பியானோ எடுத்துக்கொள்ள, வயலின் துணைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கைமாற்றத்தின்போது மெட்டு திடீரெனத் தொலைவுக்குப் போனதுபோல் கேட்டால், ஒலியளவைத் தொடாமல் மைக்குகளைப் பியானோப் பக்கம் சிறிது திருப்பி, மீண்டும் பதிந்து, கலைஞர்கள் இருவரும் சேர்ந்து கேளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் செலவானாலும் தகும்.

பிறகு ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தாமல் முழுமையாக இரண்டு முறை வாசித்துப் பதியுங்கள்; துண்டு துண்டாகத் தொடங்கினால் இசையின் நீண்ட ஓட்டம் கைகூடாது. திருத்த வேண்டிய இடங்களை இசைத்தாளில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குச் சில பார்கள் முன்பிருந்தே அதே வேகத்தில் வாசியுங்கள். முந்தைய சுரங்களின் அதிர்வு அறையில் நிறைந்திருந்தால்தான் ஒட்டு தெரியாது. யாரும் வாசிக்காத அறையின் நிசப்தத்தையும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பகுதிகளுக்கு இடையே அது தேவைப்படும்.

தொகுக்கும்போது, நீண்டு ஒலிக்கும் சுரத்தின் நடுவில் வெட்டாமல், பியானோவின் புதிய சுரம் விழும் கணத்துக்குச் சற்று முன்பாக வெட்டி, இரு பதிவுகளும் சில மில்லி விநாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இணையுங்கள்.