சென்னைக்குக் குடிவருகிறீர்களா? பசுமையாக வாழ ஆகும் செலவும் கிடைக்கும் ஆதாயமும்

கோலாலம்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்னைக்கு வந்து இறங்குபவர்களில் பலர் முதலில் மூங்கில் பிரஷ்ஷும் ஆர்கானிக் அரிசியும் தேடிக் கிளம்புகிறார்கள். காசு போவதும் அங்கேதான். இந்த ஊரில் பசுமையாக வாழ்வதில் பாதி, வீடு பார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்: கரண்டுக்குத் தனி மீட்டரா, ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டரா? இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து ஓனர் ஒரே ரேட்டாக வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது, நீங்கள் மிச்சம் பிடிப்பதன் பலனும் குறையும். தனி மீட்டர் என்றால் ஒரு பில்லில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கும் கிட்டத்தட்ட இரு மடங்கு ரேட் விழும்.

அதற்கு முதல் வழி ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 40 யூனிட் குறையும். விலை 1,500 ரூபாய் கூட என்றாலும், யூனிட்டுக்கு 5 ரூபாய்க் கணக்கில் ஒன்றேகால் வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் வழியாக ஓட்டினால் ஃபேனின் போர்டு கெட வாய்ப்புண்டு. கழற்றிய ஃபேன் ஓனருடையது, பரணில் வையுங்கள். காலி செய்யும்போது மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம்.

அடுத்தது தண்ணீர். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். ஆனாலும் மொட்டைமாடிக் குழாய் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறதா, தெருவில் கொட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். அக்டோபரில் மழை பிடிக்கும் முன் குழியின் மணலையும் ஜல்லியையும் அலசிப் போட வேண்டும். சேறு அடைத்தால் தண்ணீர் கீழே இறங்காது. 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தால் வெளியூரான ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது.

தண்ணீரிலுள்ள உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதை வாளியில் பிடித்து டாய்லெட்டுக்கும் வீடு துடைக்கவும் வையுங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வரும் வீட்டில் அது 500-க்குக் கீழே காட்டினால் பெரும்பாலும் ஆர்.ஓ. தேவையில்லை, கிருமியைக் கொல்லும் யூ.வி. மெஷினோ கொதிக்க வைப்பதோ போதும்.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. இருந்தும் கவர் புழங்குகிறது. பையில் ஒரு மஞ்சப்பையும் (மஞ்சள் துணிப்பை) எவர்சில்வர் டப்பாவும் இருக்கட்டும். ஹோட்டலில் பார்சல் வாங்கும்போது சாம்பாரை டப்பாவிலேயே ஊற்றித் தரக் கேளுங்கள்.

சமையலறைக் குப்பையை உரமாக்கப் பணத்தைவிட நேரம்தான் செலவு, தினம் ஐந்து நிமிடம். பக்கவாட்டில் துளையிட்ட 20 லிட்டர் மண்தொட்டி இரண்டு, ஒரு தென்னை நார்க்கழிவுக் கட்டி, மட்கத் தொடங்குவதற்குக் கொஞ்சம் புளித்த மோர் அல்லது ஒரு பிடி பழைய உரம் போதும். காய்த்தோலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதே அளவு நார்க்கழிவோ காய்ந்த இலையோ மேலே மூடுங்கள். வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்: காய்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது: தண்ணீர் தெளியுங்கள். பழுப்பு நிறத்தில் தடித்த புழு நெளிந்தால் பதற வேண்டாம், அது குப்பையைத் தின்று தீர்க்கும். மீன் முள், சமைத்த எண்ணெய்ப் பண்டம் போடாதீர்கள், எலி வரும். முதல் தொட்டி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதுக்கு மாறுங்கள். இரண்டு மாதத்தில் முதலாவது கறுத்து, மண்வாசனையோடு உதிரும். மழைக்காலத்தில் சாரல் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்திவிடுங்கள்.