ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று லினக்ஸ் நின்றால் செய்யக் கூடாதவை

ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) கிடைக்காமல் பூட் பாதியில் நின்றதும் பலர் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, சிஸ்டத்தையே மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். டிஸ்க் நன்றாக இருந்து, அதற்குக் கொடுத்த அடையாளம் மட்டும் தப்பாக இருக்கும் சம்பவங்கள் ஏராளம். எந்தக் கட்டத்தில் தேடல் தோற்றது என்று தெரிந்துகொள்ளாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

அதைத் திரையே சொல்லிவிடும். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தொடர முடியாமல் நிற்கும்போது காட்டும் கர்னல் பேனிக் செய்தியின் கடைசியில் 'அன்நோன் பிளாக்' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். 0,0 என்றால் கர்னலுக்கு டிவைஸே கிடைக்கவில்லை. டிரைவர் இல்லாமல் இருக்கலாம், இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டைத் தேடி மவுண்ட் செய்ய பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஓடும் சிறு சிஸ்டம்) லோடு ஆகாமல் இருக்கலாம், பெயரே தப்பாக இருக்கலாம். 8,2 என்றால் கதை வேறு. 8 என்பது சாட்டா, யூஎஸ்பி டிஸ்குகளுக்கான மேஜர் எண், அதாவது டிவைஸ் வகையைச் சொல்லும் எண். 2 என்பது எஸ்டிஏ2, அதாவது முதல் டிஸ்க்கான எஸ்டிஏவின் இரண்டாம் பார்ட்டிஷன். 8,17 என்று வந்தால் எஸ்டிபி1, இரண்டாம் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். அதாவது டிஸ்க் கிடைத்துவிட்டது, அதில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைத்தான் மவுண்ட் செய்ய (பயன்படுத்தத் திறக்க) முடியவில்லை. இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் கேபிளைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி எழுதுவது அடுத்த தவறு. கர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் பெயர், அவ்வளவுதான். ஒரு பென் டிரைவைச் செருகி ரீபூட் செய்தாலே வரிசை மாறலாம். அதனால்தான் யூயூஐடி, அதாவது ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது அதற்குக் கிடைக்கும் தனி அடையாள எண்ணை, போடச் சொல்கிறார்கள்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு, இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைக் கர்னல் தானாகத் தேடாது; தேடிக் கொடுப்பது இனிட்ராம்எஃப்எஸ். அது இல்லாமல் நேராக பூட் செய்யும் அமைப்பில் சரியான யூயூஐடி கொடுத்தாலும் 0,0தான் வரும். அங்கே பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனுக்கான அடையாள எண்) போடுங்கள், அதைக் கர்னலே புரிந்துகொள்ளும்.

பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் புது யூயூஐடி வந்துவிடும். அப்போது எஃப்எஸ்டேபை (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) மட்டும் திருத்திவிட்டு கிரப்பை (கர்னலை லோடு செய்யும் பூட் புரோகிராம்) மறந்துவிடுவார்கள். கிரப்பின் கான்ஃபிக் கோப்பையும் கையால் திருத்தாதீர்கள், அடுத்த கர்னல் அப்டேட்டில் அது மேலெழுதப்படும். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-கிரப் ஓட்டினால் சரியாக உருவாகிவிடும்.

டிஸ்க்கை டிடி (dd) கட்டளை கொண்டு அப்படியே நகலெடுத்துவிட்டு இரண்டையும் ஒரே மெஷினில் விட்டுவைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. பழைய டிஸ்க்கில் இருந்து ஓடுகிறோம் என்று நினைத்திருப்போம், ரூட்டாக மவுண்ட் ஆகியிருப்பது நகலாக இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கட்டளையை ஓட்டி ரூட் எந்த டிவைஸில் இருக்கிறது என்று பாருங்கள். நகலைத் தொடர்ந்து மாட்டியே வைக்க வேண்டுமென்றால், அதை அன்மவுண்ட் செய்த நிலையில் டியூன்2எஃப்எஸ் (tune2fs) மூலம் யூயூஐடியை மாற்றுங்கள் (இது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு).

சரி, பேனிக் வராமல், கட்டளை கொடுக்கும் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் வந்து நின்றுவிட்டால்? உடனே ரீபூட் செய்யாதீர்கள். புரோக்கில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் (/proc/cmdline) படித்தால் கர்னல் எதைத் தேடியது என்று தெரியும். பிஎல்கேஐடி (blkid) கட்டளை கொடுத்தால் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியும். இரண்டு யூயூஐடிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், டிஸ்க் தாமதமாக எழுந்திருக்கலாம். யூஎஸ்பி டிஸ்குகளில் இது சகஜம்; பூட் வரியில் rootdelay=10 (டிஸ்க்குக்காகப் பத்து நொடி காத்திருக்கச் சொல்வது) சேர்த்துப் பாருங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் இல்லாமல் இருக்கலாம். ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் வழக்கமாக அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் சேர்ப்பதால், டிஸ்க்கை வேறு மெஷினுக்கு மாற்றினால் இப்படி ஆகும். கிரப் மெனுவில் உள்ள ரெஸ்க்யூ என்ட்ரியில் எல்லா டிரைவர்களும் இருக்கும். அதன் வழியாக உள்ளே போய் டிராகட்டை மறுபடி ஓட்டினால் போதும்.