விளக்கவுரையை எப்போது திறப்பது? எரேமியா 29-ஐ வைத்து ஒரு பயிற்சி

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சபைகளில் புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டைகளுக்கான வேலை மும்முரமாகிவிடும். அவற்றில் அடிக்கடி இடம்பிடிக்கும் வசனம் எரேமியா 29:11; பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதா ஜனத்துக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருவது. பூப்படத்தின் மேல் பொன்னிற எழுத்தில் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று இருக்கும். அந்த வசனத்தின் மேல் செய்தி கொடுக்கும்படி முதன்முறையாக உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் வேதாகமத்தை வசனம் வசனமாக விளக்கும் ஒரு விளக்கவுரையும் இருக்கிறது. உடனே 11-ஆம் வசனத்துக்கான பக்கத்தைப் புரட்டி, அங்கே இருப்பதை மூன்று தலைப்பாகப் பிரித்து எழுதிக்கொள்ளத் தோன்றும்.

நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதே வசனத்தைப் பேசி முடித்தேன். காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, மேல் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறதே, அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்?" என் குறிப்பில் அதற்கு விடை இல்லை. விளக்கவுரையில் இருந்தது, முந்தின பக்கத்தை நான்தான் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டி விளக்கவுரை எதையும் படித்தவர் அல்லர். அதிகாரத்தைப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விளக்கவுரையை மூடி வையுங்கள்

முதல் நாள் வேதாகமமும் ஒரு நோட்டும் போதும். எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் படியுங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறை, இக்காலத் தமிழிலுள்ள திருவிவிலியத்தில் ஒருமுறை. படிக்கும்போது இடறுகிற இடத்தையெல்லாம் கேள்வியாக எழுதுங்கள். அறிவாளித்தனமான கேள்வியாக இருக்கவேண்டும் என்பதில்லை. என் நோட்டில் இருந்தவை:

29:2-இல் வரும் எகொனியா யார்? 28-ஆம் அதிகாரத்து அனனியாவுக்கும் இந்தக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு? எழுபது வருஷத்தை எங்கிருந்து எண்ணுவது? 7-ஆம் வசனத்துச் "சமாதானம்" 11-ஆம் வசனத்துச் "சமாதானம்" தானா? "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்றால் என்ன? இது யாருக்குச் சொன்னது?

கடைசிக் கேள்விக்குத் தமிழிலேயே பாதி விடை இருக்கிறது. ஆண்டவர் தனி ஒருவரிடம் பேசினால் பழைய மொழிபெயர்ப்பில் "நீ", "உன்" என்றுதான் வரும். இங்கே "உங்கள்பேரில்". பாபிலோனில் இருந்த ஒரு கூட்டத்துக்குச் சொன்ன வார்த்தை அது. இக்கால ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. இதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு விளக்கவுரை தேவை. நமக்குத் தமிழ் வேதாகமமே சொல்லிவிடுகிறது.

படி 2: இரண்டு விளக்கவுரை, இரண்டு காலம்

பத்துப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், பிரசங்கம் வராது. ஒன்று பழையது, ஒன்று புதியது, அது போதும்.

பழையதில் எளிதாகக் கிடைப்பது மத்தேயு ஹென்றி. இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் போதகராக இருந்தவர். அவர் மனம் ஒரு மேய்ப்பனின் மனம். ஒவ்வொரு பத்தியிலும் கேட்பவனின் வாழ்க்கையைத் தொடாமல் விடமாட்டார். (1714-இல் இறந்தபோது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை மற்ற ஊழியர்கள் எழுதிச் சேர்த்தது. ரோமருக்கான பகுதியைக் காட்டி "மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்று முழங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.) சீர்திருத்தவாதி கால்வின் ஜெனீவாவில் எரேமியாவின் மேல் நிகழ்த்திய விரிவுரைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை ஆங்கிலத்தில்தான்; தடுமாறினாலும் ஒரு அதிகாரத்துக்கானதை மட்டும் அகராதி வைத்துப் படித்துவிடலாம்.

புதியது எதற்கு? ஹென்றிக்குத் தெரியாத சில செய்திகள் இன்று நமக்குத் தெரியும். எருசலேம் முதல்முறை பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் விழுந்தது கி.மு. 597 மார்ச் மாதம் என்பது 1956-இல் வெளியான பாபிலோனிய நாளாகமப் பலகைகளிலிருந்து தெரிந்தது. பாபிலோனில் சிறையிருந்த யூதா ராஜாவுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு எழுதிய களிமண் பலகைகள் 1939-இல் வெளியாயின. அந்த ராஜாதான் எகொனியா. 2 இராஜாக்கள் 24-இல் யோயாக்கீன், எரேமியா 22-இல் கோனியா. மூன்று பெயரும் ஒரே ஆள். என் முதல் கேள்வி இப்படி இரண்டு வரியில் தீர்ந்தது.

படி 3: முன்னுரையிலிருந்து தொடங்குங்கள்

விளக்கவுரையைத் திறந்ததும் வசனத்துக்குப் போகாதீர்கள். நூலின் முன்னுரை, பிறகு அதிகாரத்தின் முன்னுரை. வசன விளக்கத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். நமக்குக் கிடைப்பது இது: எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் வைத்தே அறிவித்தான். பாபிலோனிலும் அதே பாட்டுப் பாட ஆட்கள் இருந்தார்கள். பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்த அந்த ஜனத்துக்கு எரேமியா எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், எழுபது வருஷம் ஆகும்.

இப்போது 11-ஆம் வசனத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். சீக்கிரம் நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு "சீக்கிரம் நடக்காது" என்ற செய்தியோடு சேர்ந்து வந்த ஆறுதல் அது. அட்டையில் இந்தப் பாதி அச்சாவதில்லை.

(ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தானியேலின் நண்பன் ஒரு அனனியா, சப்பீராளின் கணவன் ஒரு அனனியா, தமஸ்குவில் பவுலைச் சந்தித்தவர் இன்னொருவர். பிள்ளைகள் கட்டாயம் குழப்பிக்கொள்வார்கள்.)

படி 4: உங்கள் கேள்விகளை விளக்கவுரையிடம் கேளுங்கள்

விளக்கவுரையைச் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல நடத்துங்கள். நீங்கள் கேட்க வேண்டும், அது பதில் சொல்ல வேண்டும். அது பேசிக்கொண்டே போக நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தால் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

"சமாதானம்" பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டு வசனத்திலும் எபிரெயச் சொல் ஷாலோம்தான். 7-ஆம் வசனத்தில் மூன்று முறை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மாற்றாமல் எல்லா இடத்திலும் "சமாதானம்" என்றே வைத்திருக்கிறது. ஆகவே விளக்கவுரை சுட்டும் இழையைச் சபையார் தங்கள் வேதாகமத்திலேயே விரல் வைத்துப் பார்க்கலாம்: உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், நான் உங்களுக்காக நினைப்பதும் அதே சமாதானம்தான். எதிரியின் ஊருக்காக ஜெபிக்கச் சொன்னவர்தான் 11-ஆம் வசனத்தையும் சொல்கிறார். என்னைக் கேட்டால், இந்த அதிகாரத்தின் பிரசங்கமே இதில்தான் இருக்கிறது.

அடுத்தது "எதிர்பார்த்திருக்கும் முடிவு". எபிரெயத்தில் இரண்டு சொற்கள்: அகரித், திக்வா. முதலாவது முடிவு, பிற்காலம், இரண்டாவது நம்பிக்கை. பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் பிணைத்து ஒரே தொடராக்கியது. திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என்று பிரித்தது. "முடிவு" என்றால் சாவு என்று காதில் விழக்கூடிய சபையில் இதை ஒரு வாக்கியத்தில் விளக்குவது உதவும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. திக்வா என்ற எழுத்துகளே யோசுவா 2-இல் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் வருகின்றன. இதைக் கண்டுபிடித்த பிரசங்கியாருக்குக் கை சும்மா இருக்காது. "மூலபாஷையில் நம்பிக்கை என்றால் கயிறு" என்று தொடங்கினால் அரை மணி நேரம் ஓடும். தமிழில் "ஆறு" என்றால் எண்ணும் உண்டு, நதியும் உண்டு. "ஆறு பேர் வந்தார்கள்" என்பதில் நதியைத் தேடுவோமா? எரேமியா கயிற்றைப் பற்றிப் பேசவில்லை. நல்ல விளக்கவுரை இதில் நம்மைத் தடுத்து நிறுத்தும்.

படி 5: இருவர் வேறு வேறாகச் சொன்னால்

பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் இரண்டு வைத்திருக்கிறோம். எழுபது வருஷத்தைப் பாருங்கள். கி.மு. 605-இல் நேபுகாத்நேச்சார் எகிப்தின் சேனையை வென்றதிலிருந்து 539-இல் பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசிடம் விழுந்தது வரை எண்ணினால் 66 வருடம். 586-இல் ஆலயம் எரிந்ததிலிருந்து 516-இல் திரும்பக் கட்டி முடித்தது வரை எண்ணினால் சரியாக 70. எண்ணவே வேண்டாம், சங்கீதம் 90:10 சொல்கிறபடி ஒரு மனிதனின் ஆயுட்காலம் என்பதே பொருள் என்பார்கள் வேறு சிலர்.

இப்படி வரும்போது நான் ஒன்று பார்ப்பேன்: எந்த விளக்கத்தை எடுத்தாலும் மாறாமல் நிற்பது எது? கடிதத்தை வாங்கின பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. 27:7-இல் நேபுகாத்நேச்சார், அவன் குமாரன், அவன் பேரன் என்று மூன்று தலைமுறை வருவதும் அதையே சொல்கிறது. அதைப் பிரசங்கியுங்கள். கணக்கை நோட்டில் விட்டுவிடுங்கள்.

பழைய ஏற்பாட்டின் பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இந்த அதிகாரத்தின் 16 முதல் 20 வரையுள்ள வசனங்கள் இல்லை என்பது போன்ற செய்திகளும் ஆய்வு விளக்கவுரைகளில் வரும். தெரிந்துகொள்ளுங்கள், மேடையேற்ற வேண்டாம்.

படி 6: சலித்தல்

இப்போது நோட்டில் நான்கைந்து பக்கம் சேர்ந்திருக்கும். விளக்கவுரைகளை அலமாரியில் வைத்துவிட்டு, பிரசங்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். என்னுடையது: "திரும்பிப்போகும் நாள் உண்டு, அதுவரை இந்த ஊரிலே வீடு கட்டுங்கள்." இந்த வாக்கியத்துக்கு உதவாத குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள். எண்ணெய்க் கணக்குப் பலகையை நான் வெட்டினேன், மனம் வலித்தது. வேதபாட வகுப்பில் அதே பலகையை வைத்து அரை மணி நேரம் பேசினேன். அங்கே கேள்வி கேட்க இடம் உண்டு, நேரமும் உண்டு. சிறுபிள்ளைகள் வகுப்பில் நுகமும் கடிதமும் மட்டும் போதும்.

ஒருவருடைய தனிச்சொல்லை எடுத்துக்கொண்டால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். விளக்கவுரையில் வரும் சம்பவத்தை உங்களுக்கு நேர்ந்ததாகச் சொல்வது பொய்தான். பிரசங்கபீடத்தில் நின்று சொல்வதால் அது வேறு எதுவும் ஆகிவிடாது.

படி 7: கேட்டவர்களின் கேள்வியை எழுதுங்கள்

கூட்டம் முடிந்து யார் எதைக் கேட்டாலும் அந்த அதிகாரத்துக்கான பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை விளக்கவுரையைத் திறக்கும்போது முதல் கேள்வி தயாராக இருக்கும். என் நோட்டில் எரேமியா 29-க்கான பக்கத்தின் முதல் வரி பாட்டியின் கேள்வி. அதற்குக் கீழே, பிறகு வேறு மையில் எழுதியது: எஸ்றா 3:12. புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமிட்டு அழுதார்கள்.