தாய்லாந்துத் திருமண விசாவும் ஓராண்டு நீட்டிப்பும்: விண்ணப்பிக்கும் முறை

தாய்லாந்துக் குடிமகள் ஒருவரையோ குடிமகன் ஒருவரையோ மணந்துகொண்ட வெளிநாட்டவருக்கு, அந்நாட்டில் குடியிருக்கும் உரிமை தானாக வந்து சேர்வதில்லை. அதை விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் செல்பவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டிருந்தாலும், தாய்லாந்துக்குள் நடக்கும் பகுதி இலங்கை, மலேசியக் குடிமக்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

விசாவும் தங்கும் அனுமதியும் ஒன்றல்ல. விசா என்பது நாட்டுக்குள் நுழையத் தூதரகம் தரும் இசைவு. நுழைந்தபின் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதைக் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டில் குத்தும் முத்திரை சொல்கிறது. பேச்சில் ‘திருமண விசா’ என்று வழங்குவது, 90 நாள் தங்க இடம் தரும் நான்-இமிகிரண்ட் ஓ விசாவும், அதன்மேல் குடிவரவு அலுவலகம் ஓராண்டு ஓராண்டாகத் தரும் நீட்டிப்பும் சேர்ந்த ஏற்பாடு. நீட்டிப்புக்கான அரசுக் கட்டணம் 1,900 பாட். விண்ணப்பதாரர்கள் பலர் பணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் கையில் பணமும் தாளும் இருந்தும் விண்ணப்பம் திரும்பிவருவது பெரும்பாலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு ஆவணத்தோடும் அதன் ஆயுளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமணத்தைத் தாய்லாந்துப் பதிவேட்டில் ஏற்றுதல்

கோயிலில் தாலி கட்டிய படங்களும் மண்டப ரசீதும் குடிவரவு அலுவலகத்தில் சான்றாகா. தாய்லாந்தின் மாவட்ட அலுவலகமான அம்ஃபூரில் திருமணம் பதிவாகியிருக்க வேண்டும்.

தாய்லாந்திலேயே மணம் செய்வதானால், பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்தில் மணம் செய்யத் தடையில்லை என்ற சான்றைப் பெற்று, அதைத் தாய் மொழியில் பெயர்த்து, சேங் வத்தனா சாலையிலுள்ள வெளியுறவு அமைச்சகத் தூதரகத் துறையில் சான்றொப்பம் வாங்கி, அம்ஃபூரில் கொடுக்க வேண்டும். மணமுறிவு பெற்றவர் நீதிமன்றத் தீர்ப்பையும், துணையை இழந்தவர் இறப்புச் சான்றையும் ஊரிலிருந்து கொண்டுவருவது நல்லது. பதிவு முடிந்ததும் கைக்கு இரண்டு விதமான தாள்கள் வரும். பூவேலைக் கரையிட்ட சான்றிதழ் கோ ரோ 3. இருவரின் விவரங்களும் கையொப்பங்களும் கொண்ட பதிவேட்டு நகல் கோ ரோ 2. முன்னது சட்டம் போட்டு மாட்ட அழகாக இருக்கும். அதிகாரி துருவிப் பார்ப்பது பின்னதைத்தான். 2025 ஜனவரி 23 முதல் ஒருபாலினத் தம்பதிகளின் திருமணத்தையும் அம்ஃபூர்கள் பதிகின்றன.

தமிழ்நாட்டில் மணம் செய்தவர்களுக்கு வழி சற்று நீளம். வெளிநாட்டவரை மணப்பவர்கள் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்டால் பின்னால் கேள்விகள் குறையும். அச்சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. கிடைத்த சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பமும், அதன்மேல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், பிறகு தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். சென்னையிலேயே தாய்லாந்தின் துணைத் தூதரகம் இருப்பது வசதி. வெளிநாட்டில் காட்டும் ஆவணங்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் சான்று வில்லையான அபோஸ்டில் இருந்தால் போதும் என்று முகவர் சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டிவிடாமல், முதலில் அந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாளைத் தாய் மொழியில் பெயர்த்துச் சான்றொப்பம் பெற்று அம்ஃபூரில் கொடுத்தால், வெளிநாட்டில் நடந்த திருமணத்துக்கான குடும்பநிலைப் பதிவு, அதாவது கோ ரோ 22, கிடைக்கும். அதன்பின் எல்லா இடத்திலும் இதுவே உங்கள் திருமணச் சான்று.

தமிழர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம் பெயர். ‘முருகேசன் கதிர்வேல்’ என்பவரின் கடவுச்சீட்டில் ஒருவேளை தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். ஒருவேளை குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். கல்விச் சான்றில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். தாய் மொழிபெயர்ப்பாளர் இந்தப் பெயரை ஒலிப்படி தாய் எழுத்தில் எழுதுவார். ஓர் ஆளிடம் திருமணச் சான்றையும் வேறோர் ஆளிடம் தூதரகச் சான்றையும் கொடுத்தால், ஒரே பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும். அம்ஃபூர் எழுத்தர் இவர்கள் இருவரும் ஒருவரா என்று கேட்பார். முதல் மொழிபெயர்ப்பில் அமைந்த தாய் எழுத்துக்கூட்டலைத் தனித்தாளில் எழுதிவைத்து, அதற்குப் பிறகு எந்த ஆவணத்துக்கும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். தாய் ஆவணங்களில் ஆண்டு புத்த சகாப்தத்தில் இருக்கும். 2568 என்றிருந்தால் 543 ஐக் கழித்து 2025 என்று கொள்ள வேண்டும். பிறந்த ஆண்டை இப்படி மாற்றும்போது பிழை நேர்வது உண்டு என்பதால், அம்ஃபூரில் கையொப்பமிடும் முன் துணைவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் 90 நாள்

நான்-இமிகிரண்ட் ஓ விசாவுக்கு இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் 2025 ஜனவரி 1 முதல் தாய்லாந்தின் இ-விசா இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்று, துணைவரின் குடிமக்கள் அட்டை, தபியன் பான் எனப்படும் வீட்டுப் பதிவேட்டின் நகல், வங்கி இருப்பு ஆகியவை அடிப்படை. சுற்றுலாப் பயணியாக ஏற்கெனவே நுழைந்துவிட்டவர்கள் உள்நாட்டிலேயே இந்த வகைக்கு மாற விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2,000 பாட். விசாவுடன் வந்தவருக்கு டி.எம். 86, விசா விலக்கில் வந்தவருக்கு டி.எம். 87 என்று படிவம் வேறுபடும். தங்கும் அனுமதியில் குறைந்தது 15 நாளாவது மீதமிருக்க வேண்டும். இன்னும் கூடுதலாகக் கேட்கும் அலுவலகங்களும் இருப்பதால், இவ்வழியைத் தேர்ந்தால் வந்த கையோடு தொடங்குங்கள்.

பணமும் நாள்காட்டியும்

தாய்லாந்துப் பெண்ணை மணந்த ஆண், தாய்லாந்து வங்கியில் 4,00,000 பாட் வைப்புக் காட்ட வேண்டும். அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பாதி வைப்பு, பாதி வருமானம் என்று கலந்து காட்டும் வசதி ஓய்வுக்கால நீட்டிப்பில் உண்டு, இங்கே இல்லை. தாய்லாந்து ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் இந்த வைப்புத் தொகையைக் கேட்பதில்லை. கணவரின் வேலைச் சான்றைக் கேட்பார்கள். இந்த வேறுபாடு நியாயமா என்று அதிகாரியின் மேசைக்கு முன்னால் வாதிட்டுப் பயனில்லை.

வைப்புத் தொகை விண்ணப்ப நாளுக்கு முன் இரண்டு மாதம் குறையாமல் கணக்கில் இருந்திருக்க வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருப்பது பாதுகாப்பு. கூட்டுக் கணக்கு வீண் தலைவலி. இந்தியாவில் குடியிருப்பவராகப் பணம் அனுப்பினால் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் அனுப்ப வேண்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வங்கி வரி பிடித்துக்கொள்ளும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். தாய்லாந்து வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி நாள் கணக்கு. மார்ச் 1 அன்று 90 நாள் விசாவில் நுழைகிறீர்கள் என்று கொள்வோம். நுழைந்த நாளும் கணக்கில் சேரும் என்பதால் முத்திரை மே 29 என்று காட்டும். நீட்டிப்புக்குக் கடைசி 30 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆகவே ஏப்ரல் 29 அளவில் கதவு திறக்கிறது. மே 10 அன்று விண்ணப்பிக்கத் திட்டமிட்டால், பணம் மார்ச் 10 க்குள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அதாவது வந்த முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு தொடங்கி, இரண்டாம் வாரத் தொடக்கத்திலேயே பணம் வந்துவிட வேண்டும். மார்ச் 29 க்குப் பிறகு வந்த பணத்தைக் கொண்டு இந்த 90 நாளுக்குள் இரண்டு மாதத்தைக் காட்ட எவராலும் முடியாது. வெளிநாட்டவருக்குக் கணக்குத் தொடங்க ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒவ்வொரு தாள் கேட்கும் என்பதால், துணைவருக்கு ஏற்கெனவே பழக்கமுள்ள கிளைக்கு அவரையும் அழைத்துச் செல்வது மேல். முன்கூட்டியே விண்ணப்பித்தால் நாட்கள் வீணாகுமோ என்று அஞ்ச வேண்டாம். நீட்டிப்பு மே 29 இலிருந்தே ஓராண்டு ஓடும்.

வைப்புப் பணத்தைத் தாங்களே போட்டு, விண்ணப்பம் முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் முகவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது பொய்ச் சான்று கொடுப்பதாகும். பிடிபட்டால் அனுமதி ரத்தாவது உங்களுக்குத்தான், முகவருக்கு அல்ல.

விண்ணப்பக் கோப்பு

டி.எம். 7 படிவம், ஒளிப்படம், கடவுச்சீட்டின் விவரப் பக்கமும் முத்திரைப் பக்கங்களும், திருமணச் சான்று, துணைவரின் அட்டை, வீட்டுப் பதிவேடு, குழந்தை இருந்தால் பிறப்புச் சான்று, வீட்டுக்கு வழிகாட்டும் கையால் வரைந்த வரைபடம், வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல் என்று கோப்பு தடிக்கும். பாங்காக் வாசிகளுக்கு இடம், சேங் வத்தனா அரசு வளாகத்தின் பி கட்டடம். இளஞ்சிவப்பு ரயில் தடம் வந்தபின் அங்கே போவது எளிதாகிவிட்டது. வரிசை மட்டும் குறையவில்லை.

கோ ரோ 2 நகல் விண்ணப்பத்துக்கு முந்திய 30 நாளுக்குள் அம்ஃபூரில் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். இன்னும் மணம் நிலைத்திருக்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம். வங்கிக் கடிதத்தை அதே நாளில் அல்லது முந்திய நாளில் வாங்குங்கள். விண்ணப்ப நாள் காலையில் ஒரு சிறு தொகையைப் போட்டோ எடுத்தோ பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி பதிய வையுங்கள். எடுப்பதானால் இருப்பு 4,00,000 க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகல்களில் உங்களுடையவற்றில் நீங்களும், துணைவருடையவற்றில் அவரும் நீல மையில் கையொப்பமிட வேண்டும்.

ஒளிப்படங்கள் பலருக்குக் கூச்சம் தருபவை. இருவரும் சேர்ந்து, கதவிலக்கம் தெரியும்படி வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று எடுத்து அச்சிட வேண்டும். திருமண ஆல்பம் போல் அலங்கரித்துக்கொள்ளத் தேவையில்லை. அன்றாட உடையில், அன்றாடச் சாமான்களோடு இருப்பதே அதிகாரிக்கு நம்பிக்கை தரும். அக்கம்பக்கத்தார் ஒருவரைச் சாட்சியாகக் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. வீட்டுக்கே அதிகாரிகள் வந்து பார்ப்பதும் உண்டு. எப்போது சந்தித்தீர்கள், மாமியார் ஊர் எது, காலையில் யார் முதலில் எழுவார் என்ற கேள்விகளுக்கு உள்ளதைச் சொன்னால் போதும்.

விண்ணப்பத்தை ஏற்றதும் முழு ஆண்டும் கிடைத்துவிடாது. பரிசீலனையில் உள்ளது என்ற முத்திரை சுமார் 30 நாளுக்குக் குத்தப்படும். குறித்த நாளில் திரும்பிச் சென்றால் இறுதி முத்திரை கிடைக்கும். அதுவரை வைப்புத் தொகையைத் தொட வேண்டாம். அதன்பின் செலவிடலாம், அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

நீட்டிப்பைக் காப்பாற்றிக்கொள்ளுதல்

ஊரில் ஒரு காரியம் என்று செய்தி வந்ததும் விமான நிலையத்துக்கு ஓடுகிறவர்கள் மறப்பது மறுநுழைவு அனுமதியை. டி.எம். 8 படிவத்தில் அதைப் பெறாமல் நாட்டைவிட்டுப் போனால், அத்தனை பாடுபட்டு வாங்கிய ஓராண்டும் எல்லையிலேயே முடிந்துபோகும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். பெற்றோர் வயதானவர்களாக இருந்தால் நீட்டிப்பு கிடைத்த அன்றே பலமுறை அனுமதியை வாங்கிவிடுவதே என் பரிந்துரை. திரும்பிவரும்போது, 2025 மே 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணு வருகை அட்டையை வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

தொடர்ந்து 90 நாள் தங்குபவர் டி.எம். 47 வழியாக முகவரியைத் தெரிவிக்க வேண்டும். குறித்த நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை தெரிவிக்கலாம்; தவறினால் 2,000 பாட் அபராதம். முதல் நீட்டிப்பு விண்ணப்பமே முதல் அறிவிப்பாகக் கொள்ளப்படும். நாட்டைவிட்டுச் சென்று வந்தால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இது தங்கும் அனுமதியை நீட்டாது என்பதை நினைவில் வையுங்கள். டி.எம். 30 என்பது வீட்டுக்குரியவர், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தர வேண்டிய அறிவிப்பு. மனைவி வீட்டில் தங்கினால் அது மனைவியின் அல்லது மாமனாரின் பொறுப்பு. அந்த ரசீது இல்லாமல் நீட்டிப்பு மேசை கோப்பைத் தொடாது.

அனுமதித் தேதி கடந்தால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். தாமாக வந்து கட்டுபவருக்கும் 90 நாளைத் தாண்டிவிட்டால் ஓராண்டு நுழைவுத் தடை உண்டு. சோதனையில் பிடிபட்டவருக்கு, ஓராண்டுக்குக் குறைந்த மீறலுக்கே 5 ஆண்டுத் தடை.

இந்த நீட்டிப்பை வைத்து வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை அனுமதி கைக்கு வராமல் மாமனார் கடையில் கல்லாவில் உட்காருவதும் சட்டப்படி வேலைதான். மணமுறிவு பதிவானால் நீட்டிப்பின் அடிப்படையே போய்விடும். எனவே அதற்கு முன்பே வேறு வகை விசாவுக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு எட்டு மாதத்தில் காலாவதியாவதாக இருந்தால் நீட்டிப்பும் அந்த எட்டு மாதத்தோடு நின்றுவிடும். ஆகையால் நீட்டிப்புக்கு முன்பே இந்தியத் தூதரகம் வழியாகப் புதிய கடவுச்சீட்டு வாங்கி, பழைய முத்திரைகளைக் குடிவரவு அலுவலகத்தில் அதற்கு மாற்றிக்கொண்டு, பழைய கடவுச்சீட்டையும் கோப்போடு கொண்டுசெல்லுங்கள்.